ஒரே கணினியிலிருந்து வந்த போட்டி

குப்பையைப் பிரித்துப் பதப்படுத்தும் ஆலைகளை அமைத்து நடத்துவதற்காக, 2014 டிசம்பர் முதல் 2015 மார்ச் வரை புனே மாநகராட்சி சில டெண்டர்களை விட்டது. போட்டிக்குப் பல நிறுவனங்கள் வந்தன. விதிப்படி எல்லாம் சரி. ஆனால் நாகரிக் சேத்னா மஞ்ச் என்ற புனே குடிமக்கள் அமைப்புக்குச் சந்தேகம் தட்டியது. 2015-இல் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தது. விசாரணையில், போட்டியாளர்கள் எனப்பட்டவர்களின் ஏலப்புள்ளிகள் ஒரே ஐபி முகவரியிலிருந்து ஏற்றப்பட்டிருந்தது தெரியவந்தது. சிலர் பேருக்குப் போட்டியிட்ட டம்மிகள். 2018 மே மாதம் ஆணையம் இதைக் கூட்டுச்சதி என்று முடிவுசெய்து நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது.

மின்னணு கொள்முதலின் பலமும் பலவீனமும் இந்த ஒரே வழக்கில் இருக்கின்றன. காகித டெண்டராக இருந்திருந்தால் அந்த ஐபி முகவரி என்ற சாட்சியே இருந்திருக்காது. ஆனால் அந்தச் சாட்சியைத் தேடும்படி செய்தது மாநகராட்சி அல்ல, வெளியிலிருந்து வந்த ஒரு புகார்.

பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. டெண்டர் பெட்டிக் காலத்தை மறந்தவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். கடைசி நாளன்று அலுவலக வாசலில் ஆட்களை நிறுத்தி, வெளியூர் ஒப்பந்ததாரரைப் பெட்டியருகே வரவிடாமல் விரட்டுவது ஊர்தோறும் நடந்தது. மகாராஷ்டிரத்தின் மகாடெண்டர்ஸ், தமிழ்நாட்டின் டிஎன்டெண்டர்ஸ் இரண்டுமே தேசிய தகவலியல் மையத்தின் ஒரே மென்பொருளில் ஓடுபவை. அதில் விலைப்புள்ளி மறைகுறியாக்கப்பட்டுப் பூட்டிக் கிடக்கும். நியமிக்கப்பட்ட அதிகாரிகளில் குறைந்தது இருவர் தத்தம் டிஜிட்டல் கையொப்பத்தைச் செருகினால்தான் திறக்கும். நேரம் முடிந்த பிறகு ஒருவரும் உறையை உள்ளே தள்ள முடியாது. நாசிக்கிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ ஒரு சிறு நிறுவனம் புனே வேலைக்கு விலைப்புள்ளி கொடுக்கலாம் என்பது உண்மையான சனநாயகம்.

ஆனாலும் பூட்டுக்குச் சாவி வைத்திருப்பவர்கள் மனிதர்கள்தான். 2018-இல் மத்தியப் பிரதேசத்தின் மின்-டெண்டர் தளத்திலேயே, குடிநீர்த் திட்ட டெண்டர்கள் சிலவற்றில் விலை திருத்தப்பட்டதாகக் கண்டறியப்பட்டு, மறு ஆண்டு பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது.

அதைவிட ஆழமான குறை, தளத்துக்கு வெளியே நடக்கும் காரியங்களைத் தளம் தொடவே இயலாது என்பது. புனேயின் 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்தையே பாருங்கள். 2017 ஜூனில் மாநகராட்சி அதற்காக ரூ.200 கோடிக்குக் கடன் பத்திரம் வெளியிட்டு நாடெங்கும் பெயர் வாங்கியது. அதே ஆண்டு குழாய் பதிக்கும் டெண்டரில் வந்த விலைகளோ மதிப்பீட்டைவிடக் கால் பங்குக்கும் மேல் கூடுதல். அரசியல் சர்ச்சை எழுந்து டெண்டர் ரத்தானது, பிறகு மறு டெண்டர். தகுதி நிபந்தனையை யார் எழுதுகிறார்கள், மதிப்பீட்டை யார் போடுகிறார்கள், எந்த வேலையை எதனோடு சேர்த்துக் கட்டுகிறார்கள் என்பதெல்லாம் கோப்பில் முடிந்த பின்புதான் கணினிக்கு வருகிறது. மின்-டெண்டர் கட்டாயமாகும் தொகை வரம்புக்குக் கீழே நிற்கும்படி வேலையைத் துண்டு துண்டாக வெட்டினால் அது தளத்துக்கே வராது.

ஒரே ஐபி என்றாலே சதி என்று பாய்வதும் தவறு. சிறு ஒப்பந்ததாரர் பலர் தம் கையொப்ப டோக்கனை கம்ப்யூட்டர் சென்டர்காரரிடமே கொடுத்து வைத்திருக்கிறார்கள். உறை தயாரிப்பது, பிடிஎஃப் ஏற்றுவது, எக்செல் விலைப்பட்டியலை நிரப்புவது எல்லாம் அவர் வேலை. ஒரு தெருவின் நான்கு ஒப்பந்ததாரர்களும் அவரிடமே போனால் நால்வரின் ஐபியும் ஒன்றாகத்தான் இருக்கும். இது எளியவர்களைத் தளம் எவ்வளவு தூரம் தள்ளி வைத்திருக்கிறது என்பதற்கும் அடையாளம். தன் விலையை இன்னொருவரிடம் சொல்லித்தான் டெண்டர் போட முடியும் என்றால் மறைகுறியாக்கத்துக்கு என்ன பொருள்? எனவே ஐபியோடு முன்வைப்புத் தொகை எந்தக் கணக்கிலிருந்து போனது, ஏற்றிய நேரங்கள் எவ்வளவு நெருக்கம், தோற்றவர் முந்தைய டெண்டர்களில் யாரோடு வந்தார் என்பவற்றையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

இதற்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. பதிவுகளெல்லாம் சேர்வரிலேயே இருக்கின்றன. விலை உறையைத் திறக்கும் முன்பு இந்த ஒப்பீட்டைச் செய்து, முடிவை மதிப்பீட்டுக் குழுவின் குறிப்பில் எழுதி, அதிகாரி கையெழுத்திட வேண்டும் என்று ஓர் அரசாணை போட்டால் போதும். அந்தக் குறிப்பை டெண்டர் முடிவோடு சேர்த்து இணையத்திலும் வெளியிட வேண்டும். டெண்டர் வெளிப்படைத்தன்மைக்கு 1998-லேயே சட்டம் இயற்றிய தமிழ்நாடு இதை முதலில் செய்யலாம். புனே மாநகராட்சியோ, குடிமக்கள் ஆணையத்தின் கதவைத் தட்டிக் கண்டுபிடித்த அந்தக் கூட்டுக்குப் பிறகும் இதைச் செய்யாமலிருக்கக் காரணம் எதையும் சொல்லவே முடியாது.