மருத்துவ மாதின் மனம்

இலக்கியத்திலே பிரசவங்களுக்குப் பஞ்சமில்லை. மழை இரவு, அரிக்கன் லாம்பு, தாயின் வேதனைக் குரல், பின்னர் குழந்தையின் அழுகை. இவையெல்லாம் நமக்கு நன்கு பழக்கமானவை. ஆயின், அக்குழந்தையைக் கையில் ஏந்தியவள் விடியற்காலையில் வீடு திரும்புகையில் என்ன நினைத்தாள் என்பதை எழுதியோர் மிகச் சிலரே. யாழ்ப்பாணத்தில் மருத்துவிச்சியின் வேலையைச் சாதித் தொழிலாகக் கட்டிவைத்த சமுதாயம் அவளுக்கும் மனம் ஒன்று உண்டென எண்ணாதது வியப்பன்று. இங்கிலாந்திலும் நிலைமை பெரிதும் வேறன்று. 1998இல் டெரி கோட்ஸ் என்ற மருத்துவ மாது, தம் தொழிலுக்குரிய சஞ்சிகையொன்றில், இலக்கியத்தில் தம்மவருக்கு இடமில்லாதிருப்பதைச் சுட்டிக்காட்டினார். அதைப் படித்த ஜெனிபர் வேர்த், 1973இலேயே தாதித் தொழிலை விட்டு இசைத்துறைக்குச் சென்றுவிட்டவர், பேனாவைக் கையிலெடுத்தார். 2002இல் வெளிவந்த 'கோல் த மிட்வைஃப்' இவ்வாறே பிறந்தது.

1950களின் கிழக்கு இலண்டன். துறைமுகத் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த பொப்லர். அங்கே அங்கிலிக்கன் கன்னியாஸ்திரிகளுடன் தங்கி, துவிச்சக்கரவண்டியில் வீடு வீடாகச் சென்று பிரசவம் பார்த்த இளம் பெண்ணின் நினைவுகள் இவை. வறுமையை வேர்த் அழகுபடுத்தவில்லை. ஏழைகளின் விடுதியில் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்த மூதாட்டி ஜென்கின்ஸின் கதையைப் படித்தவர் அவ்விடுதிகளை 'தர்ம ஸ்தாபனம்' என்று இனி அழைக்கமாட்டார். இப்பகுதிகளில் அவர் தேர்ந்த யதார்த்தவாதி என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் வேலை செய்பவளின் உள்ளத்தை எழுதவேண்டிய இடங்களில் பேனா தயங்குகிறது. மாதத்திற்கு எண்பது முதல் நூறு பிரசவங்கள் என நூலே கூறுகிறது. அத்தனை இரவுகளின் களைப்பு பெரும்பாலும் நகைச்சுவையாக உருமாறுகிறது. எஞ்சியது இறைபணியாக உயர்கிறது. பணியைத் துறவாக ஏற்ற கன்னியாஸ்திரிக்கு அது பொருந்தலாம். சம்பளத்திற்கு உழைக்கும் பெண்ணை அதே அளவுகோலால் அளப்பது நியாயமா? 'சேவை' என்ற சொல்லை நாம் சந்தேகத்துடனேயே கேட்கப் பழகியிருக்கிறோம். ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில், நூலாசிரியை அறியாமலே தந்துள்ள சாட்சியமொன்றைக் குறிப்பிடவேண்டும். மடத்தின் சாப்பாட்டு மேசை நூலில் திரும்பத் திரும்ப வருகிறது. சமைத்துவைக்க ஒருத்தி இருந்தாள். இரவு கண்டதைச் சொல்லவும், கேட்கவும், சிரிக்கவும் அதே வேலையைச் செய்யும் தோழியர் இருந்தனர். பிரசவிக்கும் தாயின் தெருவையும் குடும்பத்தையும் மருத்துவ மாது அறிந்திருந்தாள். அவர்களை நிலைகுலையாது காத்ததில் செபத்துக்கு எவ்வளவு பங்கோ, அம்மேசைக்கும் அவ்வளவு பங்குண்டு என்பது எமது கருத்து. வேர்த் அதை இனிய நினைவாகவே காண்கிறார். உழைப்பின் நிபந்தனையாகக் காணவில்லை. 2012இல் தொடங்கிய பி.பி.சி. தொலைக்காட்சித் தொடரோ அந்த இனிமையை மேலும் சர்க்கரை சேர்த்து வழங்கியது.

அதே நாட்டில், அத்தொடர் வீட்டுக்கு வீடு பார்க்கப்பட்ட 2014இல், ஊதிய மீளாய்வுக் குழு சிபாரிசு செய்த நூற்றுக்கு ஒரு வீத உயர்வை அரசாங்கம் எல்லோருக்கும் வழங்க மறுத்தது. ஒக்டோபர் 13ஆந் திகதி இங்கிலாந்தின் மருத்துவ மாதர் நான்கு மணி நேரம் வேலைநிறுத்தம் செய்தனர். 1881இல் தோன்றிய அவர்களது சங்கத்தின் வரலாற்றில் அதுவே முதலாவது. திரையில் அவளுக்காகக் கண்ணீர் விட்ட கனவான்களுள் எத்தனைபேர் அன்று அவளுக்காக வாய் திறந்தனர்?

2017இல் ஐக்கிய இராச்சியத்து மருத்துவ மாதரின் மனநலம் பற்றி நடந்த ஆய்வுக்கு ஏறத்தாழ 2,000 பேர் பதிலளித்தனர். அவர்களுள் 83 வீதத்தினர் உடலும் உள்ளமும் சோர்ந்திருந்தனர். 67 வீதத்தினரின் சோர்வு நேரடியாக வேலையினாலேயே வந்தது. மூன்றிலொருவருக்கு மேற்பட்டோரிடம் மிதமானது முதல் கடுமையானது வரையிலான பதகளிப்புக் காணப்பட்டது. மூன்றில் இரு பங்கினர் தொழிலை விட்டு விலகுவது பற்றி எண்ணியிருந்தனர். அதற்கு அவர்கள் முதன்மையாகக் கூறிய காரணங்கள் இரண்டு: ஆட்பற்றாக்குறை, தாய்மாருக்குத் தாம் விரும்பியவாறு பராமரிப்பு அளிக்க இயலாமை. இரண்டாவது காரணத்தை மீண்டுமொருமுறை வாசிக்கவேண்டும். இவர்கள் வேலையை வெறுத்தவரல்லர். அதைச் செம்மையாகச் செய்யவிடாத நிலைமையால் நொந்தவர்கள். இத்தகைய நோவை, தனியொருத்தியின் மனப்பலவீனம் என்று பெயரிட்டு மூச்சுப் பயிற்சியால் தீர்க்க முனைவோரும் உளர்.

வேர்த் 2011இல் காலமானார். அவர் திறந்த கதவு பெரிதுதான். ஆயினும் அந்த நான்கு மணி நேரத்தையும், அதற்கு முந்திய இரவுகளையும் உள்ளிருந்து எழுதிய நாவலொன்று இதுவரை எமது கண்ணில் படவில்லை.