சிறார் பாறைநூல்களிற் சொல்லும் பொருளும்

சிறார்க்குப் பாறையியல் கற்பிக்கும் நூலின் தகுதியை, அது ஆளும் குறியீட்டுச் சொற்களின் பொருத்தங்கொண்டே அளத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. பாறைகளை மூவகைப்படுத்துவர். அவற்றுள் 'படிவுப் பாறை', 'உருமாறிய பாறை' என்பன தாம் தோன்றிய வகையைத் தாமே உணர்த்தும். சுண்ணாம்புக்கல் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் சலவைக்கல்லாதலை அறிந்த சிறுவன் பின்னதை மறவான். 'தீப்பாறை' அத்தகையதன்று; நெருப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்த பெயர்ப்பு அது. கிரானைட்டோ நிலத்தின் ஆழத்தே பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகியது; ஆங்குத் தீ எரிவதில்லை. 'குழம்பிறுகிய பாறை' எனின் ஐயம் எழாது.

'கனிமம்' என்பதும் ஆராயத்தக்கது. ஈண்டுக் கனி என்பது சுரங்கம். சிறுவனோ பழத்தை நினைப்பான். எனினும் அச்சொல் வேரூன்றிவிட்டமையின் மாற்றுதல் அரிது. பொருளைக் காட்டி விளக்குதலே தகும். கிரானைட்டில் மின்னும் காக்காய்ப்பொன்னைக் காட்டி, 'இது கனிமம். இதுவும் பிறவும் செறிந்தது பாறை' எனலாம். நகக்கீறலுக்கு இடந்தரும் ஜிப்சத்தையும் இடந்தராத கால்சைட்டையும் கையிற் கொடுப்பின், 1812-இல் மோசு வகுத்த கடினவரிசையின் கருத்து எளிதில் விளங்கும். பொருள் முன்னும் சொல் பின்னுமாக அமைதலே சிறார் நூற்கு நெறியாம்.