தட்டில் வளர்ந்த தசையும் ஒரு துண்டறிக்கையும்

கோட்டக்குப்பத்தில் பேருந்துக்குக் காத்திருந்தபோது என் கையில் ஒரு துண்டறிக்கை திணிக்கப்பட்டது. 'தசை நோய்க்குக் குருத்தணுச் சிகிச்சை' என்பது தலைப்பு. ஸ்டெம் செல் என்று செய்தித்தாள்களில் வருகிறதே, அதுதான் குருத்தணு. நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து அதை எடுத்து ஊசி மூலம் தசைக்குள் செலுத்துவார்களாம். அது தசையாகவே வளர்ந்து, நடக்க முடியாத பிள்ளையை நடக்க வைக்குமாம். பக்கத்தில் வரிவரியான தசை இழைகளின் படம். அதன் கீழே, 'மனிதத் தசை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்டுவிட்டது' என்று ஒரு வாசகம்.

அந்த வாசகம் மட்டும் உண்மை. தசை இழையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உறங்கும் சிறு அணுக்களை 1961இல் அலெக்சாண்டர் மாரோ தவளைத் தசையில் கண்டார். காயம் பட்டால் இவைதான் விழித்துப் பெருகித் தசையைச் செப்பனிடுகின்றன. பிறகு ஜப்பானின் யமனாகா, முதிர்ந்த தோல் அணுவில் நான்கு மரபணுக்களைப் புகுத்தி அதைக் குருத்தணு நிலைக்கே திருப்பிக் காட்டினார். 2006இல் சுண்டெலி அணுவில், 2007இல் மனித அணுவில். இத்தகைய குருத்தணுக்களிலிருந்து இயங்கும் மனிதத் தசையை வளர்த்ததாக அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் புர்சாக் குழுவினர் 2018இல் அறிவித்தனர். மின்சாரம் தொட்டதும் அது சுருங்கியது!

இது எப்படி நடக்கிறது? நம் மரக்காணம் உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உவர்நீரை ஒரே பாத்தியில் விட்டுக் காத்திருந்தால் நல்ல உப்பு கிடைக்காது. பாத்தி பாத்தியாக மாற்றி, முதலில் ஜிப்சத்தைப் படியவிட்டு, பதம் பார்த்து உப்பை வாரி, மிஞ்சும் கைப்பு நீரை வெளியேற்ற வேண்டும். குருத்தணுவையும் அப்படித்தான் படிப்படியாக அழைத்துச் செல்கிறார்கள். பாக்ஸ்-7 என்ற மரபணுவைத் தூண்டி அதைத் தசையின் பாதையில் திருப்புகிறார்கள். பின்னர் கூழ் போன்ற பொருளுக்குள் வைத்து வாரக்கணக்கில் வளர்க்கிறார்கள். அப்படியும், உடலிலிருந்து எடுத்த தசையணுக்களைக் கொண்டு வளர்த்த தசையைவிட அது வலிமை குறைந்ததே. இதைச் சொன்னவர்கள் அந்த ஆராய்ச்சியாளர்களே.

துண்டறிக்கை இந்தப் படிகள் எல்லாவற்றையும் தாண்டிக் குதிக்கிறது. மஜ்ஜையின் குருத்தணு இரத்தத்தை உண்டாக்குவது. அது தசையாவது அரிதினும் அரிது. இன்னொன்று, இதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். ஆண் பிள்ளைகளைத் தாக்கும் டூஷேன் தசைநலிவு நோயில், டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்துக்கான மரபணு பழுதுபட்டிருக்கிறது. அந்தப் பழுது பிள்ளையின் ஒவ்வோர் அணுவிலும் உண்டு, மஜ்ஜை அணு உட்பட. அதே அணுவை எடுத்து அதே உடலில் போட்டால் புதிய புரதம் எங்கிருந்து வரும்?

சரி, நோயில்லாதவரின் தசையணுவையே கொடுத்தால்? அதையும் செய்து பார்த்தாகிவிட்டது. 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 12 சிறுவர்களுக்குத் தந்தை அல்லது சகோதரரின் தசையணுக்கள் ஒரு கையில் மாதம் ஒருமுறையாக ஆறு மாதம் செலுத்தப்பட்டன. மற்றக் கைக்கு வெறும் திரவம். இரு கைகளுக்கும் வலிமையில் வேறுபாடு காணவில்லை. செலுத்திய அணுக்களில் பெரும்பாலானவை மடிந்துவிடுகின்றன. எஞ்சியவையும் ஊசி சென்ற தடத்தை விட்டு அதிகம் நகர்வதில்லை. நோயோ, கால் தொடங்கி உதரவிதானம், இதயம் வரை பரவியிருக்கிறது.

'வேலூரில் 1986 முதலே எலும்பு மஜ்ஜை மாற்றுகிறார்களே?' என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அது தலசீமியா போன்ற இரத்த நோய்களுக்கு. இரத்தத்தை உண்டாக்கும் அணு இரத்தத்தை உண்டாக்குகிறது, அவ்வளவே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், இத்தகைய நோய்களைத் தவிர மற்றவற்றுக்குக் குருத்தணுச் சிகிச்சையை வழக்கமான மருத்துவமாக ஏற்கவில்லை. மற்றவை பரிசோதனையாக மட்டுமே நடக்கலாம். அதற்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது, பதிவும் செய்திருக்க வேண்டும்.

டூஷேன் நோய்க்கு ஸ்டீராய்டு மருந்தும் இயன்முறைப் பயிற்சியும் நடக்கும் காலத்தை நீட்டிக்கின்றன. மரபணுச் சோதனை, அடுத்த பிள்ளையைப் பற்றித் தாய்க்கு முன்கூட்டியே சொல்ல உதவும். கோட்டக்குப்பத்துக்காரர்களுக்கு ஜிப்மர் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. உப்பளத்துக் கூலியிலோ மீன்பிடியிலோ சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு புறப்படுமுன் அங்கே ஒருமுறை கேட்டுவிடலாம்.

துண்டறிக்கையைத் திருப்பிப் பார்த்தேன். கட்டண விவரம் கேட்கத் தொலைபேசி எண் இருந்தது. பதிவு எண் இல்லை.