நாஞ்சில் நாட்டுப் ‘பறைதல்’: கடன்சொல்லா, எச்சமா?

குமரி மாவட்டப் பேச்சில் ‘சொல்லுதல்’ என்னும் பொருளில் வழங்கும் ‘பறை’ என்ற வினை, மலையாளக் கலப்பு என்றே பெரும்பாலும் விளக்கப்படுகிறது. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூர், திருக்கொச்சி ஆட்சிகளில் இருந்தமை இவ்விளக்கத்திற்கு அடிப்படை. எனினும், அண்மை மட்டுமே கடன்பேற்றுக்குச் சான்றாகாது.

ஒலியமைப்பை முதலில் நோக்கலாம். ‘அலைந்தான்’ என்பது தமிழ்ப் பேச்சில் ‘அலஞ்சான்’ என்றும், மலையாளத்தில் ‘அலஞ்ஞு’ என்றும் திரியும். குமரிப் பேச்சின் ‘பறஞ்சான்’ தமிழ்த் திரிபையே பின்பற்றுகிறது. மலையாள வடிவமோ ‘பறஞ்ஞு’. கடன்பெற்ற வினையும் தமிழ் விகுதியை ஏற்கக்கூடும் என்பதால் இச்சான்று தனித்து முடிவு தராது. ஆயினும், தமிழ்ப் பேரகராதி ‘பறைதல்’ என்பதற்குச் ‘சொல்லுதல்’ எனப் பொருள் தருகிறது. யாழ்ப்பாணப் பேச்சிலும் இவ்வினை வாழ்கிறது. யாழ்ப்பாணத்திற்கும் கேரளத்திற்கும் பழந்தொடர்பு உண்டு என மறுக்கலாம். அவ்வாறு மறுப்பவர் இரு நிலங்களிலும் தனித்தனியே கடன்பேறு நிகழ்ந்ததாகக் காட்டவேண்டும். இரு மொழிகளுக்கும் பொதுவான பழஞ்சொல் விளிம்புகளில் எஞ்சியது என்பதே எளிய விளக்கம்.

வினைக்கும் இசைக்கருவிப் பெயருக்கும் உள்ள உறவு வேறொரு வினா. மறையை வெளியிடும் கயவரையும் (குறள் 1076), காதலை வெளிப்படுத்தும் கண்களையும் (குறள் 1180) வள்ளுவர் அறையப்படும் பறையோடு ஒப்பிடுகிறார். ‘அறைதல்’ என்ற வினையும் அடித்தல், சொல்லுதல் ஆகிய இருபொருளும் உடையது. ஐஸ்லாந்து மொழியின் ‘தாலா’ வினையாகப் பேசுதலையும் பெயராக எண்ணையும் குறிப்பது இதற்கு ஒப்புநோக்கத்தக்கது. அங்கு எண்ணுதலும் எடுத்துரைத்தலும் ஒரே வேரில் கிளைத்தன. தமிழில் ‘மறை’, ‘உறை’ போல வினைமுதனிலையே பெயராதல் இயல்பு. எனவே ‘சொல்வது’ என்ற பொருளில் கருவி பெயர்பெற்றிருக்க இடமுண்டு. ஆனால் சங்கப் பாடல்களில் கருவிப்பெயரே மிகுதியாக வருதலின், திசையை உறுதிசெய்ய இயலாது.

இவ்விரு வினாக்களையும் பிரித்தறிதல் வேண்டும். முன்னது சொல்லின் வழக்காற்றைப் பற்றியது. பின்னது அதன் தோற்றத்தைப் பற்றியது. தோற்றம் ஐயத்திற்குரியது என்பதால் வழக்காற்றுக்குரிய சான்று வலுவிழப்பதில்லை. ‘கலப்பு’ என்ற முத்திரை ஒரு வட்டாரத்தார் காத்துவந்த பழஞ்சொல்லைப் பிழையெனக் காட்டி, அவர்களையே அதனைக் கைவிடச் செய்யும். வட்டார அகராதிகள் இவ்வினையைப் ‘பொதுச்சொல் எச்சம்’ எனக் குறித்தலே தக்கது.