சிறுவர்க்குச் சொல்லும் நத்தார்: உலக மரபுகள் பற்றிய பாடங்கள் - ஒரு நோக்கு

பிற மக்களின் வாழ்க்கை முறைகளைச் சிறுவர்க்கு அறிமுகஞ் செய்யும் நோக்குடன் எழுதப்படும் பாடங்களுள் 'உலக நாடுகளில் நத்தார்' என்பதும் ஒன்று. ஆங்கிலத்தில் இத்தகைய படநூல்களும் பயிற்சித்தாள்களும் ஏராளம். அவற்றைத் தழுவிய பாடங்கள் நம்மவர் வகுப்புகளிலும் டிசம்பர் மாதத்தில் இடம்பெறுகின்றன. சிறுவர்க்கானவை என்பதனாலேயே இவை விமரிசனத்துக்கு உரியனவல்ல என்று கருதும் போக்கு நம்மிடையே உண்டு. ஆயின், ஒரு மனிதன் பிற இனங்களைப் பற்றி முதன்முதலிற் பெறும் கருத்துக்கள் பெரும்பாலும் இத்தகைய பக்கங்களிலிருந்தே உருவாகின்றன. அவ்வகையில் இவற்றை ஓர் எழுத்து வகையாகக் கொண்டு ஆராய்வது தேவையாகும்.

கடந்த ஆண்டு விடுமுறைக் காலத்தில் ஒரு ஞாயிறு பாடசாலையிற் சிறுவர்க்குத் துணையாசிரியனாக இருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. பன்னிரண்டு நாடுகள், பன்னிரண்டு படங்கள் கொண்ட ஒரு தாள் தரப்பட்டது. சுவீடனுக்கு மெழுகுதிரி முடியணிந்த லூசியா, பிலிப்பைன்சுக்கு நட்சத்திர விளக்கு, மெக்சிக்கோவுக்குக் கோலால் அடித்து உடைக்கும் இனிப்புப் பானை, ஒல்லாந்துக்குக் குதிரையேறிய ஆயர், யப்பானுக்குப் பொரித்த கோழி. பிள்ளைகள் மகிழ்ச்சியோடு வர்ணந் தீட்டினர். முடிவில் ஒரு சிறுமி, "இதில எங்கட நாடு எங்க, சேர்?" என்று கேட்டாள். அத்தாளில் இலங்கை இல்லை. இருந்திருப்பின் என்ன எழுதியிருப்பார்கள் என்ற வினா அன்றிலிருந்து என்னை விட்டு நீங்கவில்லை. இக்கட்டுரை அவ்வினாவின் விளைவாகும்.

இப்பாடங்களின் அமைப்பை நோக்குமிடத்து மூன்று பண்புகள் துலங்குகின்றன. ஒரு நாட்டுக்கு ஒரு வழக்கம் என்ற பங்கீடு முதலாவது. அவ்வழக்கம் என்றென்றும் இருந்து வந்தது போன்ற தொனி இரண்டாவது. அதனைக் கைக்கொள்ளும் மக்களிடையே அது பற்றிக் கருத்து வேற்றுமையே இல்லை என்ற பாவனை மூன்றாவது. இம்மூன்றும் உண்மைக்கு மாறானவை.

முதலிற் பங்கீட்டை எடுத்துக்கொள்வோம். மெக்சிக்கோவில் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் 'போசாதா' நடைபெறும். சூசையும் மரியாளும் தங்க இடந் தேடி அலைந்தமையை ஊரவர் நடித்துக் காட்டுவர். வெளியே நிற்போர் இடங் கேட்டுப் பாட, உள்ளே இருப்போர் மறுத்துப் பாடுவர். வாயில்கள் மறுக்கப்பட்டு, ஈற்றில் ஒரு கதவு திறக்கும். அதன் பின்னரே விருந்தும் பானை உடைத்தலும். பாடநூலோ பானையை வைத்துக்கொண்டு கதவை விட்டுவிட்டது. இடம் இல்லை என்ற மறுமொழியையும், பின்னர் கதவு திறந்த ஒரு வீட்டையும் தம் வாழ்விலேயே கண்ட பெற்றோரின் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கின்றனர். அவர்களுக்கு மெக்சிக்கோவை அண்டை வீடாக்கக்கூடிய பகுதி எதுவோ, அதுவே தாளிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறது. வேடிக்கையானதைத் தெரிந்து பொருளுடையதை விடுவது இவ்வெழுத்து வகையின் அடிப்படைக் குறைபாடு எனலாம்.

நாளைப் பற்றிய கூற்றும் இத்தகையதே. உலகெங்கும் டிசம்பர் 25 இல் நத்தார் என்று பாடம் தொடங்குகிறது. எதியோப்பியாவிலும் எகிப்தின் கொப்திக் திருச்சபையிலும் அது ஜனவரி 7 இல் வருகிறது. பழைய நாட்காட்டி முறைகளைப் பின்பற்றுவதே காரணம். உக்ரெயின் 2023 ஆம் ஆண்டில் அரச விடுமுறையை ஜனவரி 7 இலிருந்து டிசம்பர் 25 க்குச் சட்டத்தினால் மாற்றியது. ரஷ்யாவுடனான போர்க்காலத்தில், ரஷ்யத் திருச்சபையின் வழக்கத்திலிருந்து விலகும் எண்ணம் அம்மாற்றத்தின் பின்னால் இருந்தது. ஒரு திகதி கூட அரசியலுக்கு அப்பாற்பட்டதன்று என்பதற்கு இது தக்க சான்று.

இனி, மரபின் தொன்மை பற்றிய தொனியை நோக்குவோம். யப்பானில் நத்தாருக்குப் பொரித்த கோழி உண்பது மரபு என்கிறது பாடம். அந்நாட்டிற் கிறிஸ்தவர் நூற்றுக்கு ஒருவரளவினரே. கென்டக்கி கோழிக் கடைகள் 1974 இல் நாடளாவிய விளம்பர இயக்கம் ஒன்றை நடத்தின; வழக்கம் அதனாற் பரவியது. ஐசுலாந்தில் மலையிலிருந்து இறங்கிவரும் பதின்மூன்று குறும்பர்கள் பழைய நாட்டார் வழக்கிலிருந்து வந்தவர்களே. ஆயினும், முன்னர் ஊருக்கு ஊர் அவர்தம் பெயரும் தொகையும் வேறுபட்டன. 1932 இல் யொகான்னெஸ் ஊர் கோத்லும் என்னும் கவிஞர் சிறுவர்க்கென எழுதிய பாடலே இன்றைய பதின்மூன்று பெயர்களையும் நிலைநாட்டியது. ஒன்றை வணிகம் ஆக்கியது. மற்றொன்றை ஒரு கவிதை ஒழுங்குபடுத்தியது. இரண்டும் மரபல்ல என்று நாம் கூற வரவில்லை. மரபு மனிதர் ஆக்குவது, ஆக்கியவருக்கு ஒரு தேவையும் நோக்கும் இருந்தன என்பதே நமது வாதம்.

இவ்விடத்தில் இரு ஆசிரியர்களை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. ஜேர்மனியின் ஹாம்பேர்க் நகரில் ஏழைச் சிறுவர்க்கென இல்லம் ஒன்றை நடத்தியவர் யோகான் ஹின்றிச் விக்கேர்ன். நத்தார் எப்போது வரும் என்று பிள்ளைகள் நாள்தோறும் கேட்டனர் என்பர். 1839 இல் அவர் ஒரு மரச்சக்கரத்தில் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளைத் திரிகளையும், ஏனைய நாள்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகளையும் பொருத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றச் செய்தார். பிள்ளைகள் நாள்களை எண்ணக் கற்றனர். திருவருகைக் கால வளையம் என்று இன்று பல நாடுகளில் வழங்குவது இதன் வழிவந்ததே.

மற்றவர் ஒல்லாந்தைச் சேர்ந்தவர். அம்ஸ்ரர்டாம் நகரின் பாடசாலை ஆசிரியரான யான் ஸ்கெங்க்மன் 1850 இற் புனித நிக்கொலாஸ் பற்றி ஒரு படநூலை வெளியிட்டார். ஆயர் நீராவிக் கப்பலில் வந்திறங்குவதும், அவருக்குக் கறுப்பினப் பணியாள் ஒருவன் துணை நிற்பதும் அந்நூலினாலேயே பரவின. முதற்பதிப்பில் அப்பணியாளுக்குப் பெயரேயில்லை. 'கறுப்புப் பீற்' என்ற பெயர் பின்னர் நிலைத்தது. தனது குடியேற்றமான சுரினாமில் ஒல்லாந்து அடிமை முறையை ஒழித்தது 1863 இல் என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். அதாவது, அந்நூல் வெளிவந்த காலத்திற் கறுப்பு மனிதன் ஏவல் செய்பவன் என்பது வாசகர்க்கு வியப்பைத் தரவில்லை. பின்வந்த தலைமுறைகள் முகத்திற் கரிபூசி, உதட்டைச் சிவப்பாக்கி, சுருள்முடி அணிந்து அப்பணியாளை வீதிகளில் நடித்தன. ஒல்லாந்துக் கறுப்பினத்தவர் இதனை எதிர்த்து நீண்டகாலம் குரலெழுப்பினர். 2011 இல் டோர்ட்ரெக்ட் நகரில், அவ்வேடம் இனவாதம் என்று எழுதிய சட்டையணிந்து நின்றோர் கைது செய்யப்பட்டனர். 2015 இல் ஐக்கிய நாடுகளின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு அவ்வேடத்தின் இழிவான கூறுகளை நீக்குமாறு கோரியது. 2020 இல் அந்நாட்டுப் பிரதமர் மார்க் ருற்றே தமது முன்னைய எண்ணம் மாறிவிட்டதாகப் பாராளுமன்றத்திலேயே ஒப்புக்கொண்டார். பல நகரங்களில் இன்று முகத்தில் ஆங்காங்கே புகைக்கரி படிந்த பணியாளே வருகிறான்.

பதினோராண்டு இடைவெளியில் இரு ஆசிரியர்கள். இருவரும் பிள்ளைகளின் மகிழ்ச்சியையே நாடினர். ஒருவரின் சக்கரம் ஒளியைத் தந்தது. மற்றவரின் படம், தன் தோலின் நிறத்தை வேடிக்கைப் பொருளாகக் காணும் நிலையைப் பல தலைமுறைக் குழந்தைகளுக்குத் தந்தது. ஸ்கெங்க்மனைக் கொடியவர் என்று தீர்ப்பளிப்பது எளிது. அவர் தமது சமுதாயம் ஐயமின்றி ஏற்றதை ஐயமின்றி வரைந்தார் என்பதே உண்மை. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதை அவர் நூல் நமக்கு உணர்த்துகிறது. மரபைக் கற்பிப்பவன் ஏற்கெனவே உள்ளதை எடுத்துரைப்பவன் மட்டுமல்லன். அடுத்த தலைமுறை எதனை மரபெனக் கொள்ளும் என்பதைத் தீர்மானிப்பவனும் ஆகிறான்.

இத்தகைய செய்திகள் சிறுவர்க்கு அதிகம், பண்டிகையின் மகிழ்ச்சியைக் கெடுக்கும் என்று ஆசிரியர் சிலர் கூறுவர். அதில் ஓரளவு நியாயம் உண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு அடிமை வணிகத்தின் வரலாற்றை முழுவதாக ஒப்புவிக்க வேண்டியதில்லை. ஆனால் 'இந்தப் படத்தில் யார் பரிசு தருகிறார், யார் மூட்டை சுமக்கிறார்?' என்று கேட்கலாம். 'இந்த வழக்கத்தை முதலில் யார் தொடங்கியிருப்பார், ஏன்?' என்று கேட்கலாம். 'கதவுக்கு உள்ளே நீ இருந்தால் என்ன பாடுவாய்?' என்று கேட்கலாம். இவை பிள்ளைகளுக்கு எட்டாத வினாக்களல்ல. 'எங்கட நாடு எங்க?' என்று கேட்ட சிறுமி, தாளை ஆக்கியோர் கேட்கத் தவறியதையே கேட்டாள். பன்னிரண்டு நாடுகளைப் பெயரளவில் தொடுவதிலும், மூன்றை இவ்வாறு ஆழ்ந்து நோக்குவதே பயன்தரும். இயலுமிடத்து, ஒரு வழக்கத்தை உள்ளிருந்து கைக்கொள்பவர் ஒருவரின் வாய்மொழியைக் கேட்கச் செய்வதும் நன்று.

ஈற்றில் அச்சிறுமியின் வினாவுக்கு வருவோம். எங்கோ ஒரு நாட்டுப் பாடநூலில் இலங்கைக்கு ஒரு பக்கம் கிடைத்தால், 'இங்கு விடியற்காலையில் வெடி கொளுத்துவர்' என்ற ஒரு வரி இருக்கக்கூடும். அது பொய்யன்று. ஆனால் 'நத்தார்' என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது என்பதும், பறங்கியர் வீடுகளின் 'புரூடர்' ஒல்லாந்தர் காலத்தது என்பதும் அவ்வரியில் இரா. 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கியமையால், கரையோர ஊர்கள் பலவற்றில் நத்தார் இன்று மறுநாளின் நினைவோடு சேர்ந்தே வருகிறது என்பதும் இராது. நம்மை ஒரு வரியில் அடக்கினால் நாம் ஏற்கமாட்டோம். அவ்வாறாயின், பிறரை ஒரு வரியில் அடக்கும் தாளை நம் பிள்ளைகளின் கையிற் கொடுக்க நமக்கு என்ன உரிமை உண்டு?

அடுத்த டிசம்பரில் அவ்வகுப்புக்கு மீண்டும் செல்ல எண்ணியுள்ளேன். இம்முறை தாளில் ஒரு கட்டத்தை வெறுமையாக விட்டு, அதனைப் பிள்ளைகளே தத்தம் வீட்டாரிடங் கேட்டு நிரப்பிவரச் சொல்ல வேண்டும். அதன் பின்னரே மெக்சிக்கோவின் கதவைத் தட்டலாம்.