சல்சா வெர்தே: ஒரு புளிப்பின் பக்குவம்

மெக்சிகோவினர் சல்சா வெர்தே, அதாவது பச்சைச் சாறு, என்று வழங்கும் தொடுகறியில் பச்சை மிளகாயின் வேலை பெரும்பாலும் உறைப்போடு முடிந்துவிடுகிறது. அதன் உடலும் புளிப்பும் தொமாத்தியோ என்னும் காயின் கொடை. காகிதம் போன்ற உறைக்குள் விளையும் அக்காய், தமிழ்நாட்டு வயல்வரப்புகளில் சிறுவர் பறித்துத் தின்னும் சொடக்குத் தக்காளியின் பேரினத்தைச் சேர்ந்தது. அதைப் பழுக்காத தக்காளி என்று கருதுவது பிழை. மத்திய மெக்சிகோவில் இன்றும் தொமாதே என்னும் சொல் இப்பச்சைக் காயையும், ஹிதோமாதே என்னும் சொல் சிவப்புத் தக்காளியையும் குறிக்கின்றன. இரண்டுமே அஸ்டெக் மக்களின் நாவாட்டில் மொழியில் வேர்கொண்டவை.

உறையை நீக்கி, காயின் மேலுள்ள பிசுக்கைக் கழுவியபின், பச்சையாகவே அரைப்பது க்ரூதா. வேகவைத்து அரைப்பது கொசிதா. தோசைக்கல்லை ஒத்த கோமாலில் தோல் கருகச் சுட்டு அரைப்பது அசாதா. முதலாவது நாவைச் சுண்டும், கடைசியில் புகைமணமும் மெல்லிய இனிப்பும் கூடும். எனினும் சமைப்பவரின் கைப்பக்குவத்தைச் சோதிப்பது, மிக எளிதாகத் தோன்றும் கொசிதாவே. அரைக் கிலோ காயும், சிறியதாயினும் உறைப்பு மிகுந்த செர்ரானோ மிளகாய் மூன்று நான்கும் கொதிநீரில் வேகும்போது, காயின் அமிலம் பச்சையத்திலுள்ள மெக்னீசியத்தை வெளியேற்றுவதால் பளிச்சென்ற பச்சை மங்கிப் பாசிநிறமாகும். தோல் வெடிப்பதற்கு முன், அந்த நிறமாற்றத்தைக் கண்ட அளவிலேயே அடுப்பை அணைத்துவிட வேண்டும். வெடித்துவிட்டாலோ சாறெல்லாம் வெந்நீரோடு போய்விடும்.

மூன்று கால்களுடைய எரிமலைக்கல் உரலாகிய மொல்கஹெதேயில் உப்பையும் பூண்டையும் மிளகாயையும் முதலில் நைத்துவிட்டு, அதன்பின் காயைச் சேர்ப்பது மரபு. மெல்லிய தோலும் நீர்ச்சத்தும் கொண்ட காய் முதலில் விழுந்தால் பூண்டு வழுக்கிக்கொண்டு நழுவுமேயன்றி நையாது. மிக்ஸி இழுக்கன்று, விட்டுவிட்டுச் சிலமுறை சுற்றினால் போதும். நெடுநேரம் ஓடவிட்டால் காற்றுப் புகுந்து நுரைத்து, நிறம் வெளுத்து, குழந்தை உணவுபோல் ஆகிவிடும். நறுக்கிய வெள்ளை வெங்காயமும் கொத்தமல்லித் தழையும் இறுதியில் கலக்க வேண்டியவை. வறுத்த மக்காச்சோள ரொட்டித் துண்டுகளைச் சாற்றில் ஊறவைக்கும் சிலாகிலெஸ் போன்ற உணவுக்காயின், சாற்றைச் சூடான கொழுப்பில் ஊற்றிச் சுண்டவைப்பதும் உண்டு.

தொமாத்தியோவில் பெக்டின் மிகுதியாதலால் ஆறிய சாறு கூழ்போல் உறைந்துவிடும். கெட்டுவிட்டதென்று கொட்டிவிட வேண்டாம், ஒரு கரண்டி நீர் விட்டுக் கலக்கினால் இளகிவிடும்.