கொளஞ்சியப்பருக்கு எழுதும் பிராது

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பருக்கு மனித உருவம் இல்லை. பலிபீட வடிவில் இருக்கும் அந்த முருகனிடம் மக்கள் மனு கொடுக்கிறார்கள். தன் பெயர், ஊர், தனக்கு நேர்ந்த அநியாயம் ஆகியவற்றைத் தாளில் எழுதிச் சன்னதியில் வைத்துப் பூசை செய்கிறார்கள். பிறகு அதை மடித்து, அங்கேயே உள்ள முனியப்பர் சன்னதியின் முன்னுள்ள வேலில் நூலால் கட்டிவிடுகிறார்கள். இதுதான் பிராது கட்டுதல். சிறு கட்டணம் உண்டு. கோயிலிலிருந்து மனுதாரர் ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து அதற்கும் காசு வாங்குவார்கள். 90 நாளில் தீர்வு வரும் என்பது நம்பிக்கை. வந்துவிட்டால் மறுபடி கோயிலுக்குப் போய்ப் பிராதை ராஜினாமா செய்ய வேண்டும், அதாவது திரும்பப் பெற வேண்டும்.

மூடநம்பிக்கை என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கொடுத்த கடன் திரும்பாதவர், பாகப்பிரிவினையில் ஏமாந்தவர், கணவன் கைவிட்ட பெண் போன்றோர் ஏற்கெனவே பல வாசல் ஏறி இறங்கியவர்கள். பறிபோன பொருளைவிட, சொன்னபோது ஒருவரும் நின்று கேட்கவில்லை என்பதே அவர்களை அதிகம் வதைக்கிறது. இங்கே வக்கீல் வேண்டாம், சிபாரிசு வேண்டாம். நெஞ்சில் குமைந்துகொண்டிருந்தது யார், எப்போது, என்ன என்ற ஒழுங்குக்கு வருகிறது. எழுதி முடிக்கும்போதே பாதிப் பாரம் இறங்கிவிடும். அந்தத் தூரக் காசைச் சாமியின் வழிச்செலவாகவே நான் பார்க்கிறேன். தன் தெருவரைக்கும் ஒருவர் விசாரிக்க வருகிறார் என்ற எண்ணம் சாதாரண ஆறுதல் அல்ல.

இந்த வழக்கத்தில் நான் மிகவும் மதிப்பது ராஜினாமாவை. குறை தீர்ந்தபின் பகையையும் முடித்துக்கொள்ளச் சொல்கிறது அது. கோபத்துக்கு ஒரு கடைசித் தேதி இருப்பது பெரிய விஷயம்.

ஆனால் எதிர்த்தரப்புக்கு இங்கே வாய் இல்லை. இன்னார் மேல் பிராது கட்டியிருக்கிறது என்ற பேச்சு பரவினால் போதும், ஊர் தீர்ப்பு எழுதிவிடும். அந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்கூட அது சாமி கொடுத்த தண்டனையாகிவிடுகிறது. அடிபடும் பெண் 90 நாள் காத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவள் காவல் நிலையத்துக்கும் போக வேண்டும், கூடவே நாமும் போக வேண்டும்.

இன்னொரு குறை ஆழமானது. பிராது பெரும்பாலும் ஒரு குற்றவாளியைத் தேடுகிறது. வேளைக்குச் சோறு வருகிறது, மருமகள் மரியாதைக் குறைவாகப் பேசுவதில்லை, மகன் வாராவாரம் போன் செய்கிறான். ஆனாலும் நாள் முழுக்கத் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்க ஆளில்லாத அம்மா யார் பெயரை எழுதுவாள்? எழுதத்தான் வேண்டும் என்றால் மருமகளைக் குற்றவாளியாக்க வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்டவர்களுக்கு நாம் பூசலார் கதையைச் சொல்கிறோம். கையில் பொருளில்லாமல் திருநின்றவூரில் மனத்துக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டியவர் அவர். மனிதர் காணாததை ஈசன் கண்டான் என்று அதோடு நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். சேக்கிழார் அங்கே நிறுத்தவில்லை. காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய மன்னன் காடவர்கோனின் கனவில் ஈசன் தோன்றி, குடமுழுக்கை வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கச் சொல்கிறார். நாளை பூசலின் கோயிலுக்குப் போவதாகக் காரணமும் சொல்கிறார். மன்னன் திருநின்றவூருக்கு வந்து கேட்டால், பூசலார் கட்டிய கோயில் இங்கே ஏது என்கிறார்கள் ஊரார். அவரைக் குற்றமற்ற அந்தணர் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள், அவர் மனத்தில் நடந்ததுதான் தெரியவில்லை. அவரை அழைத்துவரச் சொல்லாமல் மன்னன் தானே போய்ப் பார்க்கிறான். ஈசன் தன் பார்வையோடு விட்டிருக்கலாம். ஒரு மனிதனையும் அனுப்பி வைத்தார்.

அதனால்தான், "ஆண்டவன் பார்த்துக்கிட்டுதான் இருக்கான், விடும்மா" என்று அடுத்தவர் சொல்லும் ஆறுதலை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அம்மா தானே சொல்லிக்கொண்டால் அது அவளுடைய பலம். ராத்திரி தூங்க வைக்கும். வீட்டுக்காரர்கள் சொன்னால், அவள் பேச்சு அங்கேயே முடிந்துபோகிறது. மணவாளநல்லூருக்குப் போக வேண்டும் என்று அவள் கேட்கும்போது பஸ் கட்டணத்தைக் கொடுத்துத் தனியாக அனுப்பிவைப்பதும் எனக்கு அதே வகைதான்.